மணி அடிக்காத ஜன்னல்

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு இரும்பு மணி, சிவப்புச் சாயம் பூசியது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக்கடையின் வாசல் நிலைக்கு மேலே, சாமி படங்களையும் தாண்டிய உயரத்தில் அதை மாட்டினார்கள். எழுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் சரக்கோடு ஊர் ஊராகப் போய்விடுவார், வீட்டில் இருப்பது அபூர்வம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் சரக்கறை. அந்தச் சரக்கறை பீரோவிலிருந்து ஒரு அரக்குப் புடவை காணாமல் போயிருந்தது. எடுத்தது யார் என்று தெரியவில்லை. அதனால்தான் மாமனார் மதராஸிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்.

மாமனார் இயல்பிலேயே சந்தேகக்காரர். கோயிலுக்குப் போனால் செருப்பை ஜோடியாக விடமாட்டார். ஒன்றைத் தேரடிப் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் விடுவார். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலைத் தானே மறுபடி அளப்பார். அவருடைய ஒரே மகள், என் நாத்தனார், மாகறலில் விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவனை விரும்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டபின் அந்தக் குணம் முற்றிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கண்ணெதிரே இருந்த மகளின் மனசே தெரியாமல் போனதென்றால் வேறு யாரை நம்புவது என்று நினைத்தாரோ என்னவோ. மகளின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. நாள் முழுவதும் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. அவர் கண்ணில் படாமல் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட வெளியே போக முடியாது.

எலக்ட்ரீஷியன் பேச்சில் பிரியம் உள்ளவர். வேலை முடிந்ததும் எங்களை நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். மாமனார், மாமியார், நான், கடையில் புடவை விரித்துக் காட்டும் விற்பனையாளர் ஆகிய நான்கு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். சுவரோரமாகப் போகும் கம்பிக்கு லூப் என்று பெயர். அதில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றால்தான் மணி அடிக்கும். திருடன் கம்பியை வெட்டினாலும் அடிக்கும். ஜன்னல் கதவில் ஒரு காந்தத் துண்டு, சட்டத்தில் இரண்டு ஸ்குரு வைத்த சின்னக் குழாய். இந்த ஜோடிதான் காண்டாக்ட். கதவு திறந்தால் காந்தம் விலகும், ஓட்டம் அறுபடும். எலி, மழை, காற்று எதனாலாவது வீணாக அடித்தால் அது பால்ஸ் அலாரம். வாசல் கதவின் லூப்பைக் கடை மூடியபின் போட்டால் போதும். சந்துப் பக்கம் திறக்கும் சரக்கறை ஜன்னலுக்கோ பகலிலும் லூப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

மாமியார், “ஏம்பா, வெயில் காலத்துல ஜன்னல நாமளே தொறக்கணும்னா இன்னா செய்யறது?” என்று கேட்டார்.

“ரெண்டு ஸ்குருவையும் ஒரு கம்பியால சேர்த்துடுங்கம்மா. கதவு தொறந்தாலும் கரண்ட் ஓடிக்கினே இருக்கும். அதுக்கு பைபாஸ்னு பேரு” என்றார் அவர்.

“அதெல்லாம் எதுக்குச் சொல்லிக் குடுக்கற?” என்று மாமனார் அதட்டினார். அவர் கண் உடனே விற்பனையாளர் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

அந்த விற்பனையாளரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஒரு புடவையை அவர் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் திரும்பினால் போதும், வாங்கவந்த பெண்கள் அடுத்ததைக் கேட்கமாட்டார்கள். பீரோச் சாவி மாமனாரிடம் ஒன்றும் அவரிடம் ஒன்றுமாக இருந்தது.

அந்த வருஷம் பெய்த ஒரே மழையில் ஜன்னல் மரம் உப்பிக்கொண்டு மணி ஒருநாள் மத்தியானம் அலறியது. தெருவே தடியோடு வந்து நின்றது. சந்தில் ஒரு கன்றுக்குட்டியைத் தவிர யாரும் இல்லை. மணி சரியாக வேலை செய்கிறது என்று மாமனாருக்கு அன்றைக்குத் தனி சந்தோஷம். ஆனால் புடவைகள் மறைவது நிற்கவில்லை. தீபாவளி கழித்து ஒன்று, பொங்கலுக்கு முன் ஒன்று. மணியோ வாயே திறக்கவில்லை.

“மணி அடிக்கல. அப்ப வெளியாள் வரல. உள்ள இருக்கறவங்கதான்” என்றார் மாமனார். அதன்பிறகு நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பினால் என் பையில் இன்ன இன்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தேன். எனக்கும் அந்த நோய் ஒட்டிக்கொண்டது. அண்ணன் தும்மினாலும் துண்டை உதறினாலும் அதில் ஏதோ இருப்பதாகத் தோன்றியது. பீரோச் சாவியை மாமனார் அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாசி மாதத்தில் மாம்பழ நிறப் புடவை ஒன்று போனது. மாமனார் எல்லோர் முன்னாலும் அண்ணனின் சாப்பாட்டுப் பையைக் கவிழ்க்கச் சொன்னார். தூக்கு, துண்டு, சைக்கிள் பம்பு விழுந்தன. “ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. அவங்க கேக்கற மாதிரி கேட்டா சொல்லுவான்” என்றார். அண்ணன் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சரக்கறைக்குள் போனேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. சட்டத்தில் ஏதோ மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு ஸ்குருவையும் சேர்த்து ஒரு சரிகை இழை சுற்றியிருந்தது. எங்கள் சரிகை வெள்ளி. கரண்ட் அதில் தாராளமாக ஓடும். முடிச்சைப் பார்த்தேன். அறுந்த பாவு இழையைச் சேர்க்க நெசவு வீடுகளில் போடும் சின்ன முடிச்சு. எங்கள் வீட்டில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் மாமியார் ஒருவர்தான்.

அவர் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தை, ஜன்னல்ல சரிகை கட்டியிருக்குது.”

“தெரியும்மா.” கத்தி நிற்கவில்லை.

“அண்ணனப் போலீசுல குடுக்கப் போறாங்க.”

கத்தி நின்றது. கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராகச் சரக்கறைக்குப் போய் அங்கிருந்தே, “இங்க வாங்க” என்று கணவரைக் கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோரும் வந்து நின்றதும் ஜன்னலை விரியத் திறந்தார். மணி அடிக்கவில்லை.

“நான்தான் குடுத்தேன். ராத்திரி நீங்க தூங்கறப்ப உங்க சாவியால பீரோவத் தொறந்து எடுத்து வெச்சிக்குவேன், பகல்ல மாப்ள சந்துல வந்து வாங்கிக்கினு போவாரு. மொதல்ல ஒண்ணு உங்க பொண்ணு வளைகாப்புக்கு. மத்ததெல்லாம் வித்துச் சாப்பிட. அங்க மழை பொய்ச்சு நெலம் காஞ்சி கெடக்குது.”

வளைகாப்பு என்ற சொல்லில் மாமனார் முகம் மாறியதைக் கவனித்தேன். தனக்கு ஒரு பேரக்குழந்தை இருப்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்க வேண்டும். “குடுக்கணும்னா வாசல் வழியாக் குடுக்கறது. ஜன்னல் வழியா எதுக்கு?” என்றார்.

“வாசல்ல நீங்க உக்காந்துக்கினு இருந்தீங்களே” என்றார் மாமியார்.

பங்குனியில் நாத்தனார் குழந்தையோடு வந்தாள். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வழிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் குழந்தை தூங்கும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என் மகன் அதே கடையில் மூலைக்கு மூலை கேமரா வைத்திருக்கிறான். மாட்ட வந்த பையன் சென்சார், லூப், பைபாஸ் என்று அடுக்கியபோது, “தெரியும்பா” என்றேன். அவன் நம்பவில்லை.

மாமியார் ஜன்னலைத் திறந்த அன்றைக்கே அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமனார் திருப்பருத்திக்குன்றம்வரை தானே போய்க் கூப்பிட்டார். சாவியையும் கையோடு கொண்டுபோயிருந்தார். அண்ணன் மறுவாரம் வேலைக்கு வந்தார். சாவியை மட்டும் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பின் அவர் வேலை பார்த்த வருஷமெல்லாம், சாயங்காலம் கிளம்பும் நேரத்தில், யாரும் கேட்காமலே மாமனார் முன்னால் வந்து நின்று சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துக் காட்டுவார்.

“வேணாம்பா” என்று மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, அண்ணன் ஒவ்வொரு பொருளாகப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்.