நாரைகளைக் கொன்றவர் அவர் அல்ல

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கோவிந்தராசு சாரின் மனைவி கமலா அக்கா தொலைபேசியில் அழைத்தார். "சாந்தி, அவங்க போயிட்டாங்க. காப்பி குடிச்சிட்டு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "நீ வரணும்" என்றார். அந்த வீட்டு வாசலில் நிற்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டேதான் பேருந்தில் ஏறினேன்.

கோவிந்தராசு அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சாவூருக்குக் கிழக்கே நெல்வயல்களை வாங்கிச் சமன்படுத்தி, ஒரு சொகுசு விடுதிக்காரர்கள் கோல்ஃப் மைதானம் அமைத்தார்கள். அதன் புல்தரைக்குப் பொறுப்பாளராக வந்தவர் அவர். மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மலேசியாவில் பதினெட்டு ஆண்டுகள் இதே வேலை பார்த்தவர். நான் அங்கே ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். உரமும் பூச்சிமருந்தும் என் சாவிக்குள் இருந்தன.

வந்த முதல் நாளே மைதானம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு, "இங்க இருந்த வடிவாய்க்கால் எங்க சார்?" என்று மேலாளரிடம் கேட்டார். மூடிவிட்டோம் என்றார் மேலாளர்.

"நாம மூடிட்டோம். அது தண்ணிக்குத் தெரியாதே சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐப்பசி மழையில் ஏழாம் குழிக்குப் போகும் புல்தரையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதைப் பக்கத்து வயல்களுக்குள் இறைக்கச் சொன்னார் மேலாளர். நட்டுப் பத்து நாள் ஆன சம்பா. விவசாயிகள் வேலியோரம் வந்து கத்தினார்கள். கோவிந்தராசு நேரே போய் மோட்டாரை நிறுத்தினார். "நாலு பேரு பந்து அடிக்கிறதுக்காக ஒருத்தன் நட்ட பயிர அழுக விடமாட்டேன். வேணும்னா என்னை அனுப்பிடுங்க" என்றார். அன்று அனுப்பவில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் கிடையாது.

தண்ணீர் அங்கேயே நின்றது. தை பிறப்பதற்குள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த புல்லைத் தள்ளிக்கொண்டு கோரை எழுந்தது. கோரைக்குள் நத்தை வந்தது, நத்தையைத் தேடி நாரைகள் வந்தன. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருந்த புல்லில் வயல் நண்டுகள் வளை தோண்டின. வளைக்குள் பந்து போய்விட்டது என்று ஒரு விருந்தாளி கத்தியபோது, "இன்னொரு பந்து வச்சு அடிங்க சார், அது அதோட வீடு" என்றார். மணல் பள்ளத்தில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டது. சுற்றிலும் கயிறு கட்டி, ஆடும் பாதையையே ஒதுக்கிவிட்டார். ஏழாம் குழியை மேட்டுக்கு மாற்றிவிட்டுப் பள்ளத்தைத் தண்ணீருக்கே விட்டுவிடலாம் என்று வரைபடமும் போட்டுக் கொடுத்தார். மேலாளர் அதை விரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் தள்ளியதை நான் பார்த்தேன்.

பதிலுக்குக் குருணை மருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. நண்டும் நத்தையும் செத்தால் பறவை தானாகப் போய்விடுமாம். "தண்ணியில இத போட்டா நத்தையோட நிக்காது" என்று சொல்லி, மருந்தை எடுக்க மறுத்துவிட்டார் அவர்.

அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் திருக்கடையூர் போயிருந்த அன்று, மேலாளர் என்னிடம் வந்தார்.

"ஸ்டோரைத் திறங்க."

"சார் வந்துரட்டுமே..."

"உங்களுக்கு வேலை குடுத்தது அவரா, நானா?"

திறந்தேன்.

கோவிந்தராசு திரும்பி வந்தபோது நாரைகள் தண்ணீரில் மிதந்தன. வெறுங்காலோடு இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்து வந்து கரையில் கிடத்தினார். பதினான்கு. ஒன்று இன்னும் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. ஈரக் கையோடு ஸ்டோர் வாசலுக்கு வந்தார்.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு சாந்திம்மா?"

தலையாட்டினேன்.

அவர் வனத்துறைக்குப் புகார் எழுதினார். விசாரணை வருவதற்குள் விடுதிக்காரர்கள் ஒரு தாளைத் தயார் செய்தார்கள். திருக்கடையூர் கிளம்பும் முன் மருந்தை எடுத்துப் போட்டவர் கோவிந்தராசுதான் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "ரெண்டு புள்ளைங்க இருக்கு, யோசிச்சுக்குங்க" என்றார் மேலாளர். போட்டேன். திருடனைச் சோதிப்பதுபோல் பையைக் கொட்டிப் பார்த்து அவரை வெளியே அனுப்பினார்கள். அதன்பின் அவர் குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் வைத்தார்.

அடுத்த மழையில் மைதானத்தின் மூன்று குழிகள் மூழ்கின. இறைத்து இறைத்துத் தோற்றுப்போனார்கள். தண்ணீருக்குத் திரும்பி வந்த பறவைகளைப் படம் எடுக்க ஆட்கள் வரத் தொடங்கியதும் இழுப்பறையில் கிடந்த வரைபடம் வெளியே வந்தது. ஒரு கோடு மாறாமல் அதே வரைபடம்! குழி மேட்டுக்குப் போனது, பள்ளம் ஏரியானது. இயற்கையைக் காத்ததற்காக மேலாளர் மேடையேறிப் பொன்னாடை வாங்கிக்கொண்டார். நான் கீழே உட்கார்ந்து கைதட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கைகளை வெட்டிப் போடலாம் என்று இருக்கிறது.

சென்ற ஆண்டுதான் அந்த வேலையை விட்டேன். அவர் வயலுக்குப் போய் அழுதேன். வரப்பில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க. எனக்குத் தெரியும். ஆனா போட்டது நீங்க." பிறகு, "வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடுதியிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. 'எங்கள் பறவை ஏரியின் தந்தைக்கு' என்று அதில் அச்சடித்த நாடா. கமலா அக்கா எழுந்து வந்தார். "உசிரோட இருந்தப்ப கொலகாரன்னு எழுதுனீங்க. இப்ப தந்தையா? எடுத்துக்கிட்டுப் போங்க!" என்றார். கொண்டு வந்தவர்கள், தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். அது உண்மைதான். தெரிந்த ஒருத்தி நான், கூட்டத்துக்குள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "மருந்த அவர் எடுக்கல. நான்தான் திறந்து குடுத்தேன். பொய்க் கையெழுத்தும் நான்தான் போட்டேன்" என்று ஊர் முன்னால் சொன்னேன். அவருடைய மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் வாழ்நாள் முழுக்கச் சுமப்பேன். சுமக்க வேண்டியதுதான். வியாழக்கிழமை அதையே எழுதி வனத்துறை அலுவலகத்தில் கொடுத்தேன். மேலாளரின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பெண்கள் நாங்கள் கொல்லைப்புறம் தலைமுழுகப் போனோம். கொடியில் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. காலையில் அவரே துவைத்துப் போட்டது என்றார் கமலா அக்கா. தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

கோவிந்தராசு சார், மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் மன்னித்தீர்களா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. உங்கள் பெயர் சுத்தமானது, சார். போய் வாருங்கள்.