அடைக்கலமேரி கடலில் வைத்துச் சொன்னது

காது ஓய வேண்டும் என்றுதான் அடைக்கலமேரி முதன்முதலில் தூண்டிலைக் கையில் எடுத்தாள். காரைக்குடிக்கும் காளையார்கோவிலுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர். பத்தொன்பது வருடங்களாகத் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியூரிலிருந்து வரும் டிரங்கால்களை உள்ளூர் எண்களோடு இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாவு, பிரசவம், மாட்டு விலை, நின்றுபோன கல்யாணம் எல்லாமே அவள் காதைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைந்தன. வீட்டிலோ கணவர் மரிய அந்தோணி, பள்ளி வாத்தியார், சாப்பிடும்போதும் பாடம் நடத்துகிற சுபாவம்.

எக்ஸ்சேஞ்சைக் கூட்டிப் பெருக்க வரும் சோணையம்மாள் ஒரு நாள் தூக்குவாளியில் விரால் குழம்பு கொண்டுவந்தாள். யார் பிடித்தது என்று கேட்டதற்கு, தானே பிடித்ததாகச் சொன்னாள். தவளைக்குஞ்சைத் தூண்டிலில் கோத்து, தண்ணீர் மேல் தத்தித் தத்தி இழுத்தால் விரால் பாய்ந்து கவ்வும் என்றாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மேரி வேடிக்கை பார்க்கப் போனாள். கண்மாய்க்கரைக் கருவேல நிழலில் இரண்டு மணி நேரம் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு மறு ஞாயிறு அவள் கையிலும் ஒரு மூங்கில் கம்பு இருந்தது.

மூன்றாவதாகச் சேர்ந்தவள் அகல்யா. அவளும் ஆபரேட்டர்தான், மேரியைவிடப் பதின்மூன்று வயது இளையவள். கணவன் செல்வம் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவது கஷ்டமாக இருந்ததால் கூட வந்தாள். மண்புழுவைத் தொடவே அருவருத்தவள், ஆறே மாதத்தில் தக்கை அசைவதை வைத்தே கெண்டையா, கெளுத்தியா, ஜிலேபியா என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். கண்மாய் மீனை ஏலம் எடுத்த குத்தகைக்காரர் தூண்டில்காரர்களைக் கண்டுகொள்வதில்லை. மூன்று பொம்பளைகள் கம்பும் கையுமாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சைக்கிளில் போகிறவர்கள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசில் மேரியை "மேடம்" என்கிற சோணையம்மாள், கரையில் அவளை "ஆத்தா, சத்தம் போடாத" என்று அதட்டுவாள். அது மேரிக்குப் பிடித்திருந்தது.

கடலுக்குப் போகும் ஆசை அகல்யாவுடையது. தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் மேரியின் சித்தி மகன் லூர்து பிரகாஷ் வல்லம் வைத்திருந்தான். பொம்பளைகளைப் படகில் ஏற்றினால் ஊரில் சிரிப்பார்கள் என்று அவன் ஒரு வருடம் தட்டிக் கழித்தான். கடைசியில் தொண்ணூற்றிரண்டு மாசியில், கடல் குளம்போலக் கிடக்கும் நாளாகப் பார்த்து வரச் சொன்னான். மூன்று பேரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்க வழியில்லாததால் ஒரு ஞாயிறைக் குறித்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறுக்குப் பதினேழு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை மதியம், மெட்ராஸிலிருந்து ஒரு டிரங்கால் வந்தது. கேட்டது முத்துக்கருப்பன் உரக்கடை எண். முத்துக்கருப்பன் செல்வத்தின் அண்ணன். அகல்யா அன்று வேலையில் இல்லை. மேரி இணைப்பைக் கொடுத்தாள். மூன்று நிமிடம் முடிந்ததும், வழக்கம்போல உள்ளே புகுந்து, நீட்டிக்கவா என்று கேட்டாள். மறுமுனையில் பேசியவன் அவள் குரலை அடையாளம் கண்டுகொண்டான். அது செல்வம்.

"மேரியக்காவா? அக்கா, அகல்யாகிட்ட சொல்லிராதீக. ஒரே மாசம். சிங்கப்பூருக்கு வேற பெர்மிட் கெடச்சதும் இங்கேருந்தே ஏறிப் போயிருவேன்."

சிங்கப்பூரில் வேலை போய், மூன்று மாதமாக மெட்ராஸில் ஒரு லாட்ஜில் கிடப்பதாக அவனே சொன்னான். சிங்கப்பூர் முத்திரையோடு அகல்யாவுக்கு வந்துகொண்டிருந்த கடிதங்களை இவன் எழுதி அனுப்ப, சிங்கப்பூரிலேயே இருந்த கூட்டாளி ஒருவன் தபாலில் போட்டிருக்கிறான்.

லைனில் காதில் விழுந்தது லைனோடு போக வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று மேரிக்குச் சொல்லப்பட்ட முதல் விதி அதுதான். இத்தனை வருடத்தில் அவள் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. தன் சொந்த நாத்தனார் வீட்டு விவகாரத்தைக்கூடக் கணவரிடம் வாய் திறக்காதவள். அதனால் பேசாமல் இருப்பது அவளுக்குச் சிரமமாக இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அகல்யா தினமும் பேசினாள். சித்திரையில் அவர் வருகிறார், வந்தால் பின்கட்டை இடித்துக் கட்டப் போகிறோம், அவருக்கு விரால் பிடித்துக் காட்ட வேண்டும் என்றாள். மேரி தலையை ஆட்டினாள். மதியம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். மேரி பாதியை மிச்சம் வைத்தாள்.

கடலுக்குப் போகும் நாளும் வந்தது. சனிக்கிழமை சாயங்காலமே போய்ச் சித்தி வீட்டில் தங்கினார்கள். விடிந்து வெளிச்சம் பரவியதும் வல்லம் கிளம்பியது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். லூர்து பிரகாஷ் அவர்கள் பக்கம் திரும்பாமல் எஞ்சினைக் கிளப்பினான். கரை ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கியபோது நங்கூரம் போட்டு, ஆளுக்கொரு தங்கூஸ் நரம்புச் சுருளைக் கொடுத்தான். கம்பு கிடையாது, கையால்தான் விட வேண்டும். நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, தூண்டில் முள்ளில் கணவாய்த் துண்டு.

விராலுக்கு எமனான சோணையம்மாள் அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்து, முக்காட்டைப் போட்டுக்கொண்டு படகின் அடியில் சுருண்டுவிட்டாள். அகல்யாவுக்கோ கை ஓயவில்லை. கிழங்கான், விளமீன் என்று ஒன்று மாற்றி ஒன்று இழுத்துப் போட்டாள். உப்புத் தண்ணீர் தெறித்த முகத்தோடு அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை மேரி பார்த்ததில்லை. இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்போது முடிவு செய்துகொண்டாள்.

அப்போதுதான் மேரியின் நரம்பு விர்ரென்று ஓடியது. பிடித்து நிறுத்தப் பார்த்தாள். தங்கூஸ் உள்ளங்கையை அறுத்தது. லூர்து பிரகாஷ் எழுந்து வந்து கையை நீட்டினான். மேரி கொடுக்கவில்லை. அகல்யா தன் சுருளைப் போட்டுவிட்டு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, மேரிக்குப் பின்னால் நின்று நரம்பைப் பிடித்தாள். மீன் இழுத்தால் இருவரும் விட்டுக் கொடுத்தார்கள். அது களைத்தால் இருவரும் இழுத்தார்கள். கால் மணி நேரம் அப்படிப் போனது. கடைசியில் வெள்ளித் தாம்பாளம்போல ஒரு பெரிய பாரை மீன் படகோரத்தில் புரண்டது. லூர்து பிரகாஷ் கொக்கி போட்டு ஏற்றினான். அகல்யா மேரியின் கையை விரித்துப் பார்த்து, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "அவரு வந்ததும் அவரையும் கூட்டிட்டு வரணுங்க்கா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை மேரியால் தாங்க முடியவில்லை. சுற்றிப் பார்த்தாள். லூர்து பிரகாஷ் பின்னால் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சோணையம்மாள் கண் மூடிக் கிடந்தாள். ஊரில் எங்கே வைத்துச் சொன்னாலும் சுவருக்கும் காது இருக்கும். இங்கே கேட்க யாருமில்லை. செல்வம் சிங்கப்பூரில் இல்லை என்று தொடங்கி, தனக்குத் தெரிந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அகல்யா அழவில்லை. கட்டிய முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

"எத்தனை நாளாத் தெரியும் ஒங்களுக்கு?"

"பதினேழு நாளா."

அகல்யா முடிச்சை விட்டு எழுந்தாள். படகின் முன்பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கரை வரும்வரை திரும்பவில்லை. பஸ்ஸிலும் தனியாகத்தான் உட்கார்ந்தாள். மீனில் தன் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே அகல்யா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினாள். செல்வத்தின் அண்ணனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, துணைக்கு யாரையும் அழைக்காமல் போனாள். நான்காம் நாள் செல்வத்தோடு ஊர் திரும்பினாள். ஊர் ஒரு வாரம் பேசியது, பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. செல்வம் அண்ணனின் உரக்கடையில் கொஞ்ச நாள் நின்றான். பிறகு மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டு தனியாகக் கடை போட்டான். குடும்பம் உடையவில்லை. மேரிக்கு அது ஆறுதலாக இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. அகல்யா தன் ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தாள். எதிரே வந்தால் ஆபீஸ் விஷயம் மட்டும் பேசினாள்.

ஞாயிறுகளில் மேரியும் சோணையம்மாளும் மட்டும் கண்மாய்க்குப் போனார்கள். விதியை மீறியது தப்பா, இல்லை பதினேழு நாள் மீறாமல் இருந்தது தப்பா என்று மேரி யோசித்துக்கொண்டே இருப்பாள். தக்கை முங்கிப் போவதுகூடத் தெரியாது. சோணையம்மாள் கம்பால் அவள் தோளைத் தட்டுவாள். ஒரு தடவை சோணையம்மாள், அன்றைக்குப் படகில் தான் தூங்கவில்லை, எல்லாம் காதில் விழுந்தது என்றாள். சொல்லிவிட்டு, புழு டப்பாவை மேரி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தை மாதம், கண்மாய் வற்றத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு, அகல்யா கம்போடு கரையில் வந்து நின்றாள். பத்தடி தள்ளி உட்கார்ந்தாள். தூண்டிலைப் போட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவரு பொய் சொன்னது எனக்குப் பெருசாப் படலக்கா. தெனமும் ஒங்க பக்கத்துல ஒக்காந்து, அவரு வாராரு வாராருன்னு பேசிக்கிட்டிருந்தேன். நீங்க தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தீக. அதத்தான் என்னால நெனச்சுப் பாக்க முடியல."

விதியைப் பற்றிய பேச்சு மேரிக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "ஆமாத்தா, இருந்தேன்" என்றாள்.

அன்று மூவருக்குமாய் நாலு கெளுத்திதான் கிடைத்தது. அதன்பிறகு அகல்யா எல்லா ஞாயிறும் வந்தாள். அடுத்த மாசியில் லூர்து பிரகாஷுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னதும் அவள்தான். டிபன் பாக்ஸும் பழையபடி கைமாறியது. ஆனால் வீட்டு விஷயம், செல்வத்தின் விஷயம் எதையும் மேரியிடம் அவள் பிறகு பேசியதே இல்லை. மேரியும் கேட்கவில்லை. அந்தக் கதவு மூடியேதான் இருக்கும் என்று மேரிக்குப் புரிந்திருந்தது. அகல்யா ஈயக்குண்டை முடிந்துகொண்டே, கணவாய் நல்லதா இறால் நல்லதா என்று லூர்து பிரகாஷோடு வழக்காடிக்கொண்டிருப்பாள். இவ்வளவாவது மிஞ்சியதே என்று மேரி கேட்டுக்கொண்டிருப்பாள்.