இந்த வருஷம் சாவி யார் முறை?

மரபு நடை நடத்துகிறவனுக்கு ஊர்ச் சரித்திரம் தெரிந்தால் மட்டும் போதாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழைய வீடு, கோயில், ஊருணி என்று சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. நாலு பேரைக் கூப்பிட்டு விழா நடத்திப் பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கோலமா, சரித்திரமா?

ஊருக்கு வெளியே வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடான நகர்களில் எங்களுடையதும் ஒன்று. நலச் சங்க ஆண்டு விழா என்றால் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், முடிந்தது. நகரை ஒட்டி ஒரு பெரிய வீடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதன் மதிலைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. இந்த வருஷம் அதற்குள் மரபு நடை வைப்போம் என்று மார்கழிக் கூட்டத்தில் கேட்டேன்.

செயலாளர் வேலுச்சாமிக்கு அரை மனசுதான். கடைசியில் ஒத்துக்கொண்டார், கூடவே ஒரு கொக்கியும் போட்டார்.

"கோலப்பொடிய நான் வாங்கி வச்சுக்கிறேன், பாய். அன்னிக்கு வீடு திறக்கலைன்னா தெருவுலயே போட்டிய வச்சிருவோம். அத்தோட உங்க நடைக்கு ஒரு கும்பிடு."

போன வருஷத்து அனுமதி

வீட்டுக்காரர்களில் ஒருவரான அண்ணாமலை சென்னையில் இருக்கிறார். அந்த வாரமே போனில் கேட்டேன், தாராளமாக என்றார். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, வாசல் படத்தோடு அழைப்பு தயாரித்து, வாட்ஸப்பில் ஊர் முழுக்க அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விழா வாரத்தில் அண்ணாமலையிடம் சாவி கேட்டபோதுதான் என் லட்சணம் தெரிந்தது. அது பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான வீடு. தை மாதம் முன்னோருக்குப் படைப்பு போட்டதும் சாவி அடுத்த பங்காளிக்குப் போய்விடும். இத்தனை வருஷம் இந்த வீடுகளைச் சுற்றிக்காட்டுகிற எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். மறந்துவிட்டேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக? தைப் படைப்போட என் முறை முடிஞ்சு போச்சுல்ல. இந்த வருஷம் சொக்கலிங்கம் அண்ணன் முறை."

வெற்றிலைத் தட்டு

சொக்கலிங்கம் டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நான் போவதற்கு முன்பே என் அழைப்பு பலர் கைமாறி அவர் போனுக்கு வந்திருந்தது. அதை என்னிடமே காட்டி, ஊரையெல்லாம் கூப்பிட்டீர்கள், வீட்டுக்காரனைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். என் மனைவி மும்தாஜ்தான், நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனில் கூப்பிட்டால் நாம் போவோமா என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு அவர் வீட்டுக்குப் போய் முறையாக அழைத்தோம். அவர் மனைவி, அலமு ஆச்சி, காப்பி கொடுத்தார். சொக்கலிங்கமும் முகம் மலர்ந்தார். சாவியை மட்டும் தரவில்லை.

"தட்ட வாங்கிக்கிட்டேன், பாய். ஆனா மத்த பங்காளிகளக் கேக்காம வாக்குக் குடுக்க மாட்டேன்."

மூடிய கதவு

ஞாயிறு காலையில் நகரே அந்த வீட்டு வாசலில் நின்றது. கதவு மூடியிருந்தது. சொக்கலிங்கம் போனை எடுக்கவில்லை. நேரத்தை ஓட்ட, கதவில் செதுக்கியிருந்த யாளியிலிருந்து கஜலட்சுமி வரை ஒன்றுவிடாமல் விளக்கினேன். விளக்க வேறு சிற்பம் இல்லாமல் போனதும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வேலுச்சாமி கோலப்பொடிப் பையோடு முன்னால் வந்தார். முழுக்குப் போட வருகிறார் என்று நினைத்தேன். அவர் கதவை மேலும் கீழும் பார்த்தார். "பூட்டையே காணமே, பாய். தட்டிப் பாத்தீகளா?"

தட்டினேன். உள்ளே தாழ் விலகியது. பட்டு வேட்டியில் சொக்கலிங்கம் நின்றார். பின்னால் பங்காளிகள், ஜமுக்காளம், அண்டா நிறைய காப்பி. விடிந்ததும் பின்தெருக் கதவு வழியாக வந்து எல்லாம் தயார் செய்து, முகப்புக் கதவைத் தட்டினால் திறந்து வரவேற்பது என்று உள்ளே இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அந்த வீட்டு நீளத்துக்கு என் விளக்கவுரை எப்படிக் கேட்கும்? சொக்கலிங்கம் போனைக்கூடத் தன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது.

"முறையாக் கூப்பிட்ட ஆளு, முறையாத் தட்டுவீகன்னு உக்காந்திருக்கோம். ஒருத்தரையும் காணமேன்னு இந்நேரம் வரைக்கும் உங்களத்தான் வைஞ்சுக்கிட்டிருந்தோம்."

கோலப்பொடி

நடை முடிந்தும் யாருக்கும் கிளம்ப மனமில்லை. அலமு ஆச்சி வேலுச்சாமியின் கையிலிருந்த பையைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவைக் காட்டி, இங்கேயே போடட்டும் என்றார். கோலப்போட்டி அங்கேயே நடந்தது. வேலுச்சாமி ஒரு தூணில் சாய்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் யார் முறைன்னு இப்பவே கேட்டு வச்சுக்கங்க, பாய்."

எந்தத் தூண் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மூச்சுவிடாமல் சொல்கிற எனக்கு, மூடிய கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு கோலப்பொடிக்காரர் வேண்டியிருந்தது.