பின்னால் போக நாலு கியர்

தம்பி கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் காரைப் பிரித்துப் போட்டார். டீசல் காரில் கல்யாணத்துக்குப் போய் இறங்கலாம் என்றுதான் பிரித்தாராம். கல்யாணத்துக்குக் கார் வேண்டும் என்றால் பிரிக்காமல் அல்லவா விட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. நான் நினைத்ததும் சரியாகத்தான் இருந்தது. அதனால் காபி கொடுத்தேன்.

அது அப்பா தாராபுரத்தில் ஓட்டிக்கொண்டிருந்த கார். என்னைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தபோது கூடவே அனுப்பினார். தம்பிக்குப் பெண் பேசி முடித்த அன்று, "இணைச்சீருக்கு நீ அந்தக் கார்ல வந்து இறங்கோணும் கண்ணு. சொந்தபந்தமெல்லாம் பார்க்கட்டும்" என்றார். மணவறை ஏறுவதற்கு முன்னால் கல்யாணப் பையனுக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் உட்கார்ந்து செய்வது இணைச்சீர். தம்பிக்கு அக்கா நான் ஒருத்திதான். நான் போய்ச் சேராமல் அது நடக்காது.

எங்கள் பனியன் கம்பெனி வீட்டுக்கு முன்புறமே இருந்தது. விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து டீசல் இஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு மூன்றையும் வாங்கி வந்திருந்தார். அவரும் கம்பெனி ஃபிட்டரும் பழைய பெட்ரோல் இஞ்சினை ஷெட்டின் உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். கழற்றிய போல்ட்டுகளைப் பனியன் அடைக்கும் அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்தார்கள். "அம்மிணி, எண்பத்தஞ்சைக் கொண்டா" என்பார். நான் எண்பத்தஞ்சு சைஸ் பனியனைக் கொண்டுபோய் நீட்டுவேன். அவருக்கு வேண்டியது எண்பத்தஞ்சு என்று அச்சடித்த பெட்டியில் இருந்த கியர் பெட்டி போல்ட்டு. மறுநாள் ஒரு வியாபாரி எண்பத்தஞ்சு கேட்டபோது நான் போல்ட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

குழந்தைக்கு அப்போது தவழும் வயது. ஒருநாள் அவள் வாயிலிருந்து ஒரு வாஷரை எடுத்தேன். ஓடிப்போய் அவரிடம் காட்டி, "ஏனுங்க, இது எதுலீங்க வரும்?" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம கார்துதானா இது?" என்று என்னையே கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. குழந்தை வேறு எதையாவது விழுங்கியிருப்பாளோ, அது இல்லாமல் கார் வழியில் நின்றுவிடுமோ என்று இரண்டு கவலை. எதை முதலில் படுவது என்று தெரியவில்லை.

இடையில் ஒரு நாள் அப்பா ஆள் அனுப்பி, "கார் நல்லாருக்குதா?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். இருக்கத்தான் செய்தது, பெட்டி பெட்டியாக.

சீருக்கு முந்தின நாள் காலையில் எல்லாம் மாட்டி முடித்தார்கள். இஞ்சினும் ஒரே திருகில் பிடித்தது. கம்பெனி ஆட்கள் எல்லோரும் தையலை விட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். கார் பின்னால் போய்க் கழிவுத் துணி மூட்டைகளில் முட்டி நின்றது. பதற்றத்தில் கியர் மாறிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி போட்டார். மறுபடியும் மூட்டைதான். ரிவர்ஸைப் போட்டார். கார் மெல்ல முன்னால் வந்தது.

ஃபிட்டர் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "முதலாளி, வேன்ல வில்லுப் பட்டை அச்சுக்கு மேல உட்காருது, நம்ம கார்ல அச்சுக்குக் கீழ. அதுக்குத் தோதா அச்சைப் புரட்டி மாட்டிப்புட்டமுங்க. இப்பச் சக்கரம் மாத்திச் சுத்துது. பின்னால போக நாலு கியரு, முன்னால போக ஒண்ணே ஒண்ணு."

"கண்ணாடியைப் பார்த்துட்டே தாராபுரம் போயிரலாமுங்க, வேகமாப் போயிரலாம்" என்றார் கட்டிங் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ரிவர்ஸ்லயே மெதுவா முன்னால ஓட்டிட்டுப் போனா என்ன?" என்று யோசித்தார். "எப்பங்க போய்ச் சேருவோம்?" என்றேன். அவர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நான் பஸ்ல முன்னாடிப் போறனுங்க" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவரைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு அதுவரை ஒன்றும் இருந்ததில்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்று நின்றேன். "சரி, போ. அச்சைத் திருப்பி மாட்டிட்டு நான் வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்கடியில் போய்விட்டார். கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலைத்தான் பார்க்க முடிந்தது.

பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கக் கார் வராததற்கு என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். ரிப்பேர் என்று சொன்னால் இவரைக் குறை சொன்னதாகும். நன்றாக இருக்கிறது என்றால் பஸ்ஸில் ஏன் வந்தாய் என்பார்கள். தாராபுரத்தில் வீட்டு வாசலுக்குப் போனதும் அப்பா காரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாப்ள எங்க?" என்றார். அதற்கு நான் பதில் யோசித்திருக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளை இல்லாமல் மகளும் பேத்தியும் தனியாக வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. காரை விட அது பெரிய குறை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை, சீருக்குப் பாய் விரித்து, உட்கார மணக்கட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். பஸ்ஸில்தான். வேட்டி வெள்ளையாக இருந்தது, நகமெல்லாம் கருப்பு. "அச்சு இன்னும் முடியலீங்க மாமா" என்று நடந்ததை எல்லாம் அப்பாவிடம் தானே சொல்லிவிட்டார். அப்பா அவரைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "நாலு கியருமா பின்னால போச்சு மாப்ள? நாலுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேலியா, அக்கறையா, கார் போன வருத்தமா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அம்மாவை அடுக்களையில் பிடித்து, "அப்பா கோபமா இருக்காருங்களாம்மா?" என்றேன்.

"எனக்கெங்க தெரியுது கண்ணு, நானும் இத்தனை வருசமாத்தான் அவரைப் பார்க்கறேன். உன்ற தம்பி மணக்கட்டையில உட்கார்ந்துட்டான். குழந்தையை எங்கிட்டக் குடு, நீ போ."

குழந்தையைக் கொடுத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு போய், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.