என் தங்கைக்கு வந்த அழுகை

அம்மா இறந்த அன்று என் தங்கை அழுததைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. சொன்னால் அசிங்கம் என்று ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மும்பை தாராவியில் எங்கள் சந்தில் மாத்திரையைக் கோலி என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் காலையில், "கோலி போட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அந்த மாத்திரைக்கு முன்னால், எழுந்து பல் தேய்ப்பதே எனக்குப் பெரும் காரியமாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும். பார்த்துக்கொண்டே நிற்பேன், அணைக்கத் தோன்றாது. மாத்திரைதான் என்னை எழுப்பி நிறுத்தியது. கூடவே சில தொந்தரவுகளையும் கொடுத்தது.

முதலில் வந்தது கொட்டாவி. எனக்கு வேலை மாட்டுங்காவில் ஒரு பலகாரக் கடையில். மிக்சர் நிறுத்துக் கட்டும் இடத்தில் நின்றுகொண்டு வருகிறவர்கள் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டால் யாருக்குப் பொறுக்கும்? "என்னம்மா, கொட்டாவி விட்டுண்டே பொட்டலம் கட்டறே? ராத்திரி தூங்கறதில்லையா?" என்று ஒரு மாமி கேட்டுவிட்டார். வாயில் கிராம்பை அடக்கிப் பழகினேன். அப்புறம் வேர்வை. ஃபேனுக்குக் கீழே நின்றாலும் பிடரியிலிருந்து வழியும். பையில் எப்போதும் மாற்று ஜாக்கெட் வைத்திருப்பேன். காலைப் பலகாரம் சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போட்டால் குமட்டல் இல்லை என்பதையும் கண்டுகொண்டேன். இதையெல்லாம் ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன்.

இன்னொன்றை மட்டும் நான் தொந்தரவாகவே எண்ணவில்லை. எதுவும் உள்ளே இறங்காது. குழாயடியில் யாராவது வைதாலும் சரி, மகள் நல்ல மார்க் வாங்கி வந்தாலும் சரி, "சரி, இருக்கட்டும்" என்றுதான் தோன்றும். அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என்னோடுதான் இருந்தாள். கடைசியில் படுத்த படுக்கை. துடைப்பது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான். நான் கடைக்குப் போகும் நேரம் மகள் பார்த்துக்கொள்வாள். தங்கைக்கு வீடு திலக் நகரில். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வருவாள், அம்மாவுக்குத் தலை சீவிவிடுவாள், சாயங்காலம் போய்விடுவாள். அவளுக்கும் வேலை, சின்னப் பிள்ளைகள். தப்பு சொல்ல முடியாது.

ஒரு காலையில் நான் கஞ்சியோடு போனபோது அம்மா போயிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் கண்ணை மூடிவிட்டேன். வீட்டுக்காரருக்கும் தங்கைக்கும் போன் செய்தேன். கடையில் மிக்சர் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

தங்கை சந்து முனையிலேயே அலற ஆரம்பித்தாள். உள்ளே வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். மூக்கு ஒழுகியது, முடி அவிழ்ந்தது, விக்கல் எடுத்தது. எதையும் அவள் கவனிக்கவில்லை. பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி முதுகைத் தடவினாள், ஒருத்தி சோடா வாங்கி வரச் சொன்னாள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

விக்ரோலியிலிருந்து வந்திருந்த பெரியம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "பெத்தவ போயிருக்கா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு இவளுக்கு. கல்லு கெணக்கா நிக்கா."

"சும்மா இருங்க மைனி. செஞ்சது பூராம் அவதான்" என்று யாரோ எனக்காகப் பேசினார்கள்.

பெரியம்மா சொன்னது எனக்குச் சுடவில்லை. என் கண் தங்கையின் முகத்திலேயே இருந்தது. சிவந்து வீங்கிப்போன அந்தக் கண்கள் எனக்கு வேண்டும் போல இருந்தது. ஒரு வீட்டில் எல்லாப் பண்டமும் ஒரு பிள்ளைக்கே போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னொரு பிள்ளை பார்க்குமே, அப்படிப் பார்த்தேன். சோகம் இறங்காத எனக்குள் பொறாமை மட்டும் எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அழுது பார்த்தேன். குளிக்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் ஒட்டிய கன்னத்தை, கடைசியாக அவள் குடித்த கஞ்சியை, ஒவ்வொன்றாக நினைத்தேன். தொண்டை வரைக்கும் ஏதோ வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மாத்திரைதான் மறிக்கிறது என்று தோன்ற, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். வீட்டுக்காரர் கேட்டால் "போட்டாச்சு" என்பேன்.

அழுகை வரவில்லை. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் வெட்டியது. சயான் ஸ்டேஷன் படியில் தலை சுற்றிக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். கூடவே தொட்டதற்கெல்லாம் கோபம்.

அம்மாவின் கருமாதி அன்று தங்கை படத்துக்கு முன்னால் மறுபடியும் அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை.

"போதும் நிறுத்துட்டி! வாரத்துக்கு ஒருக்க வந்துட்டுப் போனவளுக்கு என்ன இம்புட்டு அழுக?"

தங்கை என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"எம் மேல என்னக்கா கோவம்?"

"கோவம் இல்ல. பொறாமை" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "ஒனக்கு அழுக வருது. எனக்கு வரல. அழணும்னு கோலிய நிறுத்திட்டேன். அப்பவும் வர மாட்டேங்கு."

"டாக்டர்ட்ட கேக்காமயா நிறுத்துன?"

தலையாட்டினேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "தெனமும் அம்மாவுக்குப் போன் பண்ணுவேன்லா. எடுத்த ஒடனே என்ன சொல்லுவா தெரியுமா? 'அக்கா இன்னும் கடையில இருந்து வரலட்டி'ம்பா. 'நீ எப்ப வாற'ன்னு எங்கிட்ட ஒரு நாளு கேட்டதில்ல. எனக்கு எப்படி எரியும்னு நெனைக்க? அந்த எரிச்சலையும் சேத்துத்தான் அழுதேன்."

அதைக் கேட்டதும் எனக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது. தங்கை அழுதுகொண்டு நிற்கிறாள், எனக்குச் சந்தோஷம். இது என்ன குணமோ.

மறுநாள் அவளே லீவு போட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அந்த மராத்தி டாக்டரம்மா இந்தியில் நன்றாகத் திட்டினார். கொட்டாவியைச் சொன்னாய், வேர்வையைச் சொன்னாய், இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "நிம்மதின்னு நெனைச்சேன்" என்றேன். சிலருக்கு இந்த மருந்து துக்கத்தையும் சந்தோஷத்தையும் சேர்த்தே மழுக்கிவிடும், அதற்கு வழி இருக்கிறது, ஆனால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்றார். மறுபடியும் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் குறைத்து, பிறகு வேறொன்றுக்கு மாற்றினார். புது மருந்தில் வாய் காய்கிறது, கனவுகள் கூடுதல். சில காலைகளில் பழைய பாரம் எட்டிப் பார்க்கும். அப்படி வந்தால் இப்போது உடனே சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், வேலை முடிந்து மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்றிருந்தேன். கூட்டம் என்று ஒரு வண்டியை விட்டுவிட்டேன். அம்மாவை நினைக்கக்கூட இல்லை. கன்னம் நனைந்திருந்தது. வேர்வை என்று துடைத்தேன், மறுபடியும் நனைந்தது. தங்கைக்குப் போன் செய்தேன்.

"வந்துட்டுட்டி."

"என்னது வந்துட்டு? வண்டியா?"

"அழுக."

"ஓரமா நில்லுக்கா, கூட்டத்துல விழுந்துராத" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் உடைந்து, அலுவலகத்தில் யாரோ என்ன ஏது என்று கேட்கும் அளவுக்கு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்ததோ நாலைந்து சொட்டு. அதுவும் அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் நின்றுவிட்டது.