பூட்டுக்காரரின் பூனை எங்கே போகிறது

நான் மாடியறையில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பூட்டு சரிசெய்கிறவர். கடைத்தெரு முனையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. தெருவில் பாதி வீட்டுப் பூட்டுகள் அவர் கைபட்டவை. ஆனால் வேலைக்கென்று கூப்பிட்டாலொழிய யார் வீட்டுப் படியும் ஏறமாட்டார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர். "சந்தேகம் கடையைத் திறந்தாச்சா?" என்று கேட்டால் தெருவில் எல்லாருக்கும் புரியும்.

வீடு கேட்டுப் போன அன்று என் பட்டச் சான்றிதழைக் காட்டினேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். காட்டாமல் இருக்க முடியுமா? அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அச்சு நல்லாத்தான் இருக்கு," என்றார். என் படிப்புக்கு அவரிடம் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அவர் மனைவி, பேத்தி பிறந்தபோது பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகள் வீட்டுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். எங்க போறே, எதுக்குப் போறே, ஏன் இவ்வளவு நேரம் என்று வாசலிலேயே விசாரணை வைத்தால் யார்தான் திரும்பி வருவார்கள் என்று தெருவில் பேச்சு. அவர் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை.

அந்த வீட்டில்தான் ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து ஒட்டிக்கொண்டது. கத்தவே கத்தாது. பசியானாலும் மழையானாலும் வாயைத் திறக்காது. கதவின் முன் உட்கார்ந்து தாழ்ப்பாளைப் பார்க்கும். அந்தக் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறப்பார். பூனை வெளியே போகும். மூன்றையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், நாற்காலி சூடாவதற்குள் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கண்கள். மறுபடி திறப்பார். உள்ளே வந்து நடு அறைவரை நடந்து, எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல நின்று, திரும்பவும் கதவடிக்கே வந்து உட்காரும்.

எங்கள் ஊரில் பூனைக்குக் கதவு திறந்துவிட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. ஓட்டு இடுக்கில் அதுவே போகும், அதுவே வரும்.

"கதவுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை போட்டுரலாமே ஐயா?" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டை போட்டா அது எப்பப் போகுது, எப்ப வருதுன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

ஒரு நாள் படியில் என்னை மறித்தார். முகம் சரியில்லை.

"யாரோ பழக்கி இழுக்கிறாங்க தம்பி. வச்ச பால் வச்சபடி கிடக்கு. நேத்து அது மேல பவுடர் வாசனை."

"பூனைன்னா நாலு இடம் போகும் ஐயா."

"இன்னிக்கு நாலு இடம் போகும். அப்புறம் ஒரு இடத்துல உக்காந்துக்கும். இங்க என்ன இருக்குன்னு திரும்பி வரப்போகுது?" சட்டென்று நிமிர்ந்தார். "நீ பவுடர் போடுவியா?"

"போடுவேன். வாசனை இல்லாத பவுடர்."

"வாசனை இல்லாத பவுடரை எவன் தம்பி போடுவான்?"

அன்றிலிருந்து நானும் அவர் பட்டியலில் சேர்ந்துவிட்டேன்.

பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசி பிடிக்கும் என்று அவர் ஒரு கரித்தூளை ஊதிவிடுவார். பென்சில் முனையை மாவாக அரைத்தது மாதிரி இருக்கும். தொட்டால் விரலை விட்டுப் போகாது. ஞாயிற்றுக்கிழமை காலை அதில் ஒரு பிடி எடுத்துப் பூனையின் முதுகில் தடவி வெளியே விட்டார். சாம்பல் முடியில் கரி தெரியவில்லை. தடவிக் கொடுக்கிறவன் கை காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. மத்தியானம்வரை பொறுத்திருந்து, என் கையை முதலில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்கக் கிளம்பினார்.

அவர் செருப்பு மாட்டுவதற்குள் இஸ்திரிக்காரர் வந்துவிட்டார், கையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு. முதுகு முழுக்கக் கரி.

"அண்ணே, நாளைக்கு இன்டர்வியூ போறவர் சட்டை இது! உங்க பூனை படுத்து எழுந்திருச்சிருக்கு. அதை அடுப்புக்குள்ளயா வளக்கிறீங்க?"

"ஓ! நீதானா!" அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "எத்தனை நாளா நடக்குது இது?"

பதில் வருமுன் எதிர்வீட்டு நர்ஸம்மா, மடியில் கரி படிந்த யூனிபார்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர். அவருக்கு மூக்கிலேயே கரி. பூனையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சியிருக்கிறார். வந்த வாடிக்கையாளர்களெல்லாம் சிரித்துவிட்டுப் போன பிறகுதான் கண்ணாடி பார்த்திருக்கிறார்.

பூட்டுக்காரர் திண்டாடிப் போனார். ஒரு திருடனைப் பிடிக்கத்தான் அவர் தயாராக இருந்தார். ஒரு தெருவையே அல்ல.

"எல்லாருமா சேர்ந்து... சொல்லுங்க, என்னத்தைக் குடுத்து மயக்கினீங்க?"

"மயக்குறதா!" என்றார் இஸ்திரிக்காரர். "வரும், துணி மேல கொஞ்சம் படுக்கும். அப்புறம் வெளிய போகக் கடைத் தட்டியைத் தூக்குற வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கும். பெட்டியைக் கீழ வச்சுட்டு நான் போய்த் தூக்கணும்."

"எங்க வீட்லயும் அதே கதைதான்," என்றார் நர்ஸம்மா. "வந்ததும் வெளிய விடு, விட்டதும் உள்ள விடு. டூட்டி முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் கண்ணை மூட முடியல."

பூட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "உங்க வீட்லயும் வெளிய போகணும்னு நிக்குதா?"

"நிக்காம?"

"பால் குடிச்சப்புறமுமா?"

"குடிச்ச வாயைத் துடைக்கக்கூட இல்லாம நிக்குது."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். பூட்டுக்காரர் அவர்கள் முன்னாலேயே என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "பொய் சொல்றாங்களா தம்பி?"

"பொய்யா? நீங்களே வந்து உக்காந்து பாருங்க!" என்றார் நர்ஸம்மா.

மறுநாள் சாயங்காலம் போனார். கருவிப்பெட்டி இல்லாமல் அவர் இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்ததை அன்றுதான் பார்த்தேன். சாட்சிக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பூனை சோபாவின் கையில் படுத்திருந்தது. அவரைப் பார்த்தது, தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளவில்லை. எழுந்தது. நேராகக் கதவடிக்குப் போய் உட்கார்ந்து தாழ்ப்பாளைப் பார்த்தது.

நர்ஸம்மா எழப்போனார். "இரும்மா," என்று பூட்டுக்காரர் தடுத்தார். "நிஜமாவே போகத்தான் பாக்குதான்னு தெரியணும்."

பூனை அசையவில்லை. அவரும் அசையவில்லை. பிறகு தானே போய்க் கதவைத் திறந்தார். பூனை திரும்பிப் பாராமல் படியிறங்கி, அவர் வீட்டை நோக்கியல்ல, இஸ்திரிக் கடைப் பக்கம் போயிற்று. அவர் பின்னால் போகவில்லை. வந்து உட்கார்ந்தார். தோள் இரண்டும் இறங்கியிருந்தன.

"நம்ம வீடு பிடிக்காமன்னு இல்ல போலிருக்கு," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

டீ வந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸம்மாவைப் பார்த்தார். "நீ முதல்ல குடிம்மா."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "விஷம் வைக்கிறவ வீட்டுக்கா ஐயா பூனை தினம் வரும்?"

அவர் கோப்பையை ஒரு முறை முகர்ந்து பார்த்தார்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார்.