திரையில் பழுத்த காபிப் பழம்

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் மேனேஜரே, சின்னப்பொண்ணுவின் பிழைப்பைக் கெடுத்தது நீங்கள்தான். பெயர் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த சீசனில் அந்த எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்க ஒரு கலர் அட்டை மாட்டினார்கள். காய், அரைப்பழம், பழம் — மூன்று நிறம். கடைசி நிறம் வந்ததை மட்டும் பறிக்க வேண்டும் என்று உத்தரவு. பறித்தார்கள். வியாபாரியோ, பாதிக்கு மேல் அரைப்பழம் என்று லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். பறிப்பில் முன்னால் நின்றவர் சின்னப்பொண்ணு. "கண்ணு தெரியாத ஆளு" என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பேச்சு மலை முழுக்கப் பரவி, இப்போது மஞ்சக்குட்டை வரை எந்தத் தோட்டத்திலும் அவரைச் சேர்ப்பதில்லை.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் அந்த அட்டையின் பிரதி ஒன்று.

"நீங்களே பாருங்க சார். இதுல இருக்கறாப்பலதானுங்க பறிச்சோம். இப்ப ஊட்டுல எம்பட மருமவளே, 'அத்தை, அரிசியில கல்லு தெரியுதுங்களா?'ன்னு நக்கல் அடிக்கறா!"

அட்டையில் 'பழம்' என்று போட்டிருந்த இடம் ஆரஞ்சு நிறம்.

சும்மா இருக்க முடியுமா? நன்றாகப் பழுத்த காபிப் பழம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அட்டை தயாரான சேலம் டிடிபி சென்டருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஓனர் கம்ப்யூட்டரில் அட்டையைத் திறந்து காட்டினார்.

"செக்கச்செவேல்னு இருக்குதுங்களா? உங்க மேனேஜரே பக்கத்துல உக்காந்து, கையில பழத்த வெச்சுக்கிட்டு, 'இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... போதும்'னாருங்க. கம்ப்யூட்டர்ல போட்டது தப்பாகுமுங்களா?"

என் பழத்தைத் திரையில் வைத்தேன். அச்சு அசலாக அதே சிவப்பு!

அப்புறம்தான் பார்த்தேன் — மானிட்டரை ஒட்டி, 'பழம்' இருந்த பக்கமாக, ஒரு பெரிய ஸ்பீக்கர். என் வீட்டு டிவி பக்கத்தில் இப்படி ஒன்றை வைத்து, செய்தி வாசிப்பவரின் பாதி முகம் பச்சையானது எனக்குத் தெரியும். ஸ்பீக்கருக்குள் காந்தம். அது இந்த மாதிரி பிக்சர் டியூப் திரையின் நிறத்தைக் கெடுத்துவிடும்.

"அத நகர்த்துங்க."

"பாட்டு நல்லாத்தானுங்களே பாடுது..."

"நகர்த்துய்யா!"

நகர்த்தினார். மானிட்டரை அணைத்து மறுபடி போட்டார். திரை ஒரு உதறு உதறியது. சிவப்புப் பழம் ஆரஞ்சாகிவிட்டது. அட்டையில் இருக்கும் அதே ஆரஞ்சு. காந்தம் காட்டிய சிவப்பை நம்பி மேனேஜர் 'போதும்' என்றது இந்த நிறத்துக்குத்தான்.

"அட, ஆமாங்க..." என்றார்.

மளிகைக்கடைத் தராசுக்குக்கூட வருஷா வருஷம் முத்திரை குத்துகிறார்கள். இந்தத் திரைக்கு யார் குத்துவது? பளிச்சென்று எரிந்தால் போதும், நம்பிவிடுகிறோம். அச்சாகி வந்த அட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழத்தை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கூலிக்காரியின் கண்ணில் கோளாறு என்று சொல்ல மட்டும் யாருக்கும் தயக்கம் இல்லை!

நேராக மேனேஜரிடம் போனேன்.

"அட்டையக் கழட்டியாச்சுங்க சார். இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு..."

கழற்றினீர்கள். ஏன் கழற்றினீர்கள் என்று ஒருவரிடமாவது சொன்னீர்களா?

மேனேஜரே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குச் சின்னப்பொண்ணுவை வரவழையுங்கள். அத்தனை பேர் முன்னாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள் — நிறம் தெரியாமல் போனது யாருக்கு?